வில்லியம் எல்லிஸ் மெட்போர்டு: ஜீவிய சரித்திரச் சுருக்கம்

எறும்பூரக் கல்லும் தேயும் என்பது நம் முன்னோர் மொழி. அதன் உண்மையைத் திருப்பூர்ப் பகுதியில் வாழும் நாம் நாள்தோறும் கண்டுவருகிறோம். பனியன் துணி பின்னும் பொறிகளில், மெல்லிய பருத்தி நூலானது ஓயாது ஓடி, தான் செல்லும் இரும்பு வழியையே அறுத்து வரியிட்டுவிடும். அதுபற்றியே நூல் நுழையும் கண்களைப் பீங்கானால் அமைப்பதுண்டு. நூலுக்கே இவ்வாற்றல் உண்டெனில், தீயும் புகையும் பின்தொடரப் பாயும் குண்டு துப்பாக்கிக் குழலை என்னதான் செய்யாது? குழலுக்கும் குண்டுக்கும் உள்ள இவ்வுறவை ஆராய்வதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் வில்லியம் எல்லிஸ் மெட்போர்டு என்னும் ஆங்கிலப் பொறிஞர்.

இவர் 1824-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 4-ஆம் தேதி, சாமர்செட் நாட்டுப் பகுதியைச் சேர்ந்த டான்டன் நகரில், ஒரு வைத்தியருக்கு மூத்த புதல்வராகப் பிறந்தார். தந்தையார் தம் இல்லத்தருகிலுள்ள வயல்களில் துப்பாக்கி சுடுவோர் சங்கமொன்றை நடத்தி வந்தமையால், மைந்தருக்கு இளமையிலேயே அக்கலையில் நாட்டம் உண்டாயிற்று. ஷெர்போர்ன் பள்ளியிற் பயின்றபின், ரெயில் பாதை அமைக்கும் பொறிஞராகத் தொழில் கற்றார். 1852-ஆம் வருஷ இறுதியையொட்டி, என்பீல்டு துப்பாக்கிக்கு ஏற்ற, அடிப்பகுதி குடைவான குண்டொன்றை இவர் கருதி அமைத்தார். அதனை வெளிக்கொணர்ந்த பிரிட்செட் என்பவருக்கே அரசாங்கத்தாரின் ஆயிரம் பவுன் பரிசு சென்றது.

1857-ஆம் வருஷம் கிழக்கிந்திய ரெயில்வேயிற் பணியேற்று, கங்கைக் கரையிலுள்ள முங்கேர் நகருக்கு வந்துசேர்ந்தார். வந்தவுடனே வடநாட்டில் பெருங்கிளர்ச்சி மூண்டது. அந்நகரின் காவல் ஏற்பாடுகளில் இவர் முன்னின்று உழைத்தார். கொடிய வெயிலும் ஓயாத கவலையும் இவர் உடல்நலத்தைக் குலைத்தமையால், ஓராண்டிற்குள் தாய்நாடு திரும்ப நேர்ந்தது. அதன்பின் பழைய உடல்வலிமை இவருக்கு முற்றும் மீளவில்லை. எனினும் துப்பாக்கி ஆராய்ச்சியை இவர் கைவிட்டாரல்லர்.

அக்காலத்து நிலைமையைச் சிறிது விளக்குவோம். குண்டு சுழன்று நேரே செல்லும்பொருட்டு, குழலின் உட்புறத்தில் மரைபோலச் சுற்றியோடும் வரிப்பள்ளங்களை வெட்டுவர். அவை ஆழமாகவும் கூரிய மூலைகளுடனும் இருந்தால், கருமருந்தின் கரி அவற்றிற் படிந்து இறுகும், குறியும் பிழைபடும். அதனால் சுடுவோர் அடிக்கடி குழலைத் துடைக்கவேண்டியிருந்தது. மெட்போர்டு 1865-ஆம் வருஷத்தில் அமைத்த போட்டித் துப்பாக்கியிலோ, ஆழமற்ற ஐந்து வரிகளே இருந்தன. குண்டும் கடினமாக்கப்பட்ட ஈயத்தால் ஆனது. கரி தங்குதற்கு இடம் குறைந்தது. துடைக்கும் வேலையும் குறைந்தது.

1860-ஆம் வருஷம் முதல் விம்பிள்டனில் தேசிய ரைபிள் சங்கத்தார் குறிபார்த்துச் சுடும் போட்டிகளை நடத்தி வந்தனர். 1871-இல் அங்கு மெட்போர்டின் வரிகளையுடைய பின்புறம் நிரப்பும் துப்பாக்கி முதற்பரிசு பெற்றது. இவருடைய உற்ற நண்பரும் சிறந்த குறிகாரருமான ஸர் ஹென்றி ஹால்போர்டு, ஆராய்ச்சிகளில் இவருக்குப் பெருந்துணையாயிருந்தார். 1888-ஆம் வருஷத்தில் பிரிட்டிஷ் சேனைக்கென ஏற்கப்பட்ட ·303 அங்குலத் துப்பாக்கி, லீ என்பவரின் பொறியையும் மெட்போர்டின் குழலையும் இணைத்து, லீ-மெட்போர்டு எனப் பெயர்பெற்றது. இவர் புகழ் உச்சியை எட்டிற்று.

ஆனால் அடுத்த சில வருஷங்களிலேயே கருமருந்திற்குப் பதிலாகக் கார்டைட் என்னும் புகை குறைந்த மருந்து வழக்கிற்கு வந்தது. அதன் நூறு பங்கில் 58 பங்கு நைட்ரோகிளிசரின். அதன் கொடிய வெப்பம் குழலின் தொடக்கத்திலுள்ள எஃகையே அரித்துத் தின்றது. கரி படியாமைக்கென ஆழங்குறைத்த வரிகள் வெகு விரைவில் மறைந்தொழிந்தன. கருமருந்திற்கு எது குணமாயிருந்ததோ, அதுவே கார்டைட்டிற்குக் குற்றமாயிற்று! ஆகவே 1895-இல் ஆழமான ஐந்து வரிகளையுடைய என்பீல்டு குழல் அவ்விடத்தைப் பெற்றது. 1892-இலேயே உடல்நலம் முற்றும் குன்றிய மெட்போர்டு, 1899-ஆம் வருஷம் அக்டோபர் 14-ஆம் தேதி பிரிஸ்டல் நகரத்து ரெட்லண்டில் காலமானார்.

அவருக்குப்பின், 1901-ஆம் வருஷத்தில், நைட்ரோகிளிசரினை 30 பங்காகக் குறைத்த கார்டைட் ஏற்கப்பட்டது. குழல்களின் அரிப்பும் தணிந்தது. இம்மருந்தின் பெயரைத் தாங்கிய தொழிற்சாலை, நமக்கு அண்மையிலுள்ள நீலகிரியின் அருவங்காட்டில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்டு இன்றும் இருந்துவருகிறது.

தேசிய மாணவர் படையிற் சேர்ந்து ·22 ரைபிள் ஏந்தும் நம் மாணவர்களுக்கு இச்சரித்திரம் பயன்படும். அதன் சிறிய தோட்டாவும் ஈயக் குண்டும் குழலை மிகுதியாகச் சுடுவதில்லை. ஆதலின் அது நெடுங்காலம் உழைக்கும். ஆயின், வலிய மருந்தை எரிக்கும் போட்டித் துப்பாக்கிகளிலோ, குழல் ஆறுமுன் அடுத்தடுத்துச் சுடுவதும், மருந்தை அளவுக்குமேல் இடுவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். துடைக்கும் கோலைக் கவனமின்றிச் செலுத்தி வாய்ப்புறத்தைத் தேய்ப்பதோ எந்தக் குழலுக்கும் கேடாகும். எஃகு மட்டும் நல்லதாயிருந்தாற் போதாது. வரியும் குண்டும் மருந்தும் சுடுவோன் பொறுமையும் ஒத்திருத்தல் வேண்டும்.

மெட்போர்டு தம் காலத்து வினாவிற்குச் சரியான விடையே கண்டார், வினா மாறிற்று. அதனால் அவர் உழைப்பு வீணாயிற்று என்பது பொருந்தாது. கற்போரும் தாம் கண்ட விடையைப் போற்றுவதோடு, வினா மாறியதா என்பதையும் அவ்வப்போது நோக்கி வருவாராக.