தேசத்தைப் பிளந்தது யார்? – பிரெடெரிக் டக்ளஸ்

ஜோதிராவ் புலே 1873இல் எழுதிய ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்த ஒழிப்பு எளிதில் வந்துவிடவில்லை. நாடே இரண்டாகி, நான்கு ஆண்டுகள் போரிட்டு, 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்ட பிறகுதான் வந்தது. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளாக அடிமைத்தனத்தைப் பற்றி வாய் திறந்தவர்கள் மீதெல்லாம் தேசத்தைப் பிளக்கிறார்கள் என்று பழி சுமத்தப்பட்டது. அந்தப் பழியைச் சுமந்தவர்களில் ஒருவர் பிரெடெரிக் டக்ளஸ்.

மேரிலாந்து மாநிலத்தின் டால்பட் கவுண்டியில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். பிறந்த தேதி அவருக்குத் தெரியாது. தாய் ஹாரியட்டை 12 மைல் தொலைவில் வேறொரு பண்ணைக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். பகல் முழுக்க உழைத்துவிட்டு, இரவில் நடந்து வந்து மகனோடு படுத்திருந்துவிட்டு, விடிவதற்குள் திரும்பிவிடுவார். அப்படி அவர் தாயைப் பார்த்தது நாலைந்து முறைதான். தாய் இறந்தபோது முகம் பார்க்கவும் விடவில்லை.

எட்டு வயதில் பால்டிமோரில் ஆல்டு என்பவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்த வீட்டு அம்மாள் எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். கணவர் தடுத்துவிட்டார், படித்தவன் அடிமையாக இருக்கமாட்டான் என்பது அவர் கணக்கு. சிறுவனுக்கு அது போதுமாக இருந்தது. தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைப் பையன்களுக்கு வீட்டு ரொட்டியைக் கொடுத்து எழுத்துக் கற்றுக்கொண்டான்.

வளர்ந்த பிறகு கப்பல் பட்டறையில் கலப்பத்து வேலை. பலகை இடுக்குகளை நார் வைத்து அடைக்க வேண்டும். நாளொன்றுக்கு ஒன்றரை டாலர் கூலி. சனிக்கிழமையானால் மொத்தத்தையும் ஆண்டை கையில் வைத்துவிட வேண்டும். 6 டாலர் கொடுத்தால் சில நேரம் 6 சென்ட் திருப்பித் தருவார், உற்சாகப்படுத்தவாம்.

1838 செப்டம்பர் 3 அன்று, மாலுமி உடையில், சுதந்திர கறுப்பின மாலுமி ஒருவரின் சான்றிதழை இரவல் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினார். சான்றிதழில் இருந்த அங்க அடையாளம் அவருக்குப் பொருந்தாது. நடத்துநர் உற்றுப் பார்க்கவில்லை. பயணத்துக்குப் பணம் கொடுத்து உதவியவர் அன்னா முர்ரே. அடிமையாக இல்லாத கறுப்பினப் பெண். பின்னர் அவர் மனைவி. இந்த அம்மையாரைப் பற்றிப் பேசாமல் டக்ளஸைப் பற்றி மட்டும் பேசுவது நம் எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது.

வடக்கு மாநிலங்களில் அடிமை முறை இல்லை. ஆனால் மாசசூசெட்ஸின் நியூ பெட்போர்டில் அவருக்குக் கலப்பத்து வேலை கிடைக்கவில்லை. அவரோடு சேர்ந்து வேலை செய்ய வெள்ளைத் தொழிலாளர்கள் மறுத்துவிட்டார்கள். அங்குள்ள மெதடிஸ்ட் சபையில் வெள்ளையர்கள் நற்கருணை வாங்கி முடித்த பிறகுதான் கறுப்பினத்தவர் முறை. அவர் வெளியேறினார். அந்தச் சபையே 1844இல் வடக்கு, தெற்கு என்று உடைந்தது. அடிமைகளை வைத்திருந்த ஒருவர் பேராயராக நீடிக்கலாமா என்பதுதான் சண்டை. அடுத்த ஆண்டு பாப்டிஸ்டுகளும் பிரிந்தார்கள். ஆலயத்தில் தொடங்கிய விரிசல் நாடாளுமன்றத்துக்குப் போக அதிக காலம் ஆகவில்லை.

1841 முதல் வில்லியம் லாயிட் காரிசனின் அடிமை ஒழிப்பு இயக்கத்தில் மேடைப் பேச்சாளரானார். இண்டியானாவில் ஒரு கும்பல் அடித்து அவர் கையை உடைத்தது. 1845இல் தன் வரலாற்றை ஆண்டையின் பெயரோடு வெளியிட்டார். பிடிபடும் ஆபத்து வந்ததால் கடல் கடந்தார். பிரிட்டிஷ் நண்பர்கள் 150 பவுண்டு கொடுத்து அவர் விடுதலையை வாங்கினார்கள். மனிதனுக்கு விலை கொடுப்பது அடிமை முறையை ஏற்பதாகும் என்று இயக்கத்தில் சிலர் குறை சொன்னார்கள். அப்படிச் சொல்வது எளிது, கழுத்தில் கயிறு விழப்போவது தனக்கில்லை என்றால்.

1850இல் தப்பியோடிய அடிமைகள் சட்டம் வந்தது. பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. அவரைத் திருப்பி அனுப்பினால் விசாரணை அதிகாரிக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். அடிமைத்தனம் தெற்கின் விவகாரம் என்று ஒதுங்கியிருந்த வடக்கத்தியர் வாசலுக்கே வேட்டைக்காரர்கள் வந்தார்கள். டக்ளஸின் ராசெஸ்டர் வீடு, கனடா செல்பவர்களின் தங்குமிடமானது. 1851இல் பென்சில்வேனியாவின் கிறிஸ்டியானாவில், தன் அடிமைகளைப் பிடிக்க வந்த ஆண்டை மோதலில் கொல்லப்பட்டார். அதை எதிர்த்து நின்ற வில்லியம் பார்க்கரைப் படகேற்றி அனுப்பியவர் டக்ளஸ்தான்.

அந்த ஆண்டுதான் காரிசனிடமிருந்தும் விலகினார். அரசியல் சட்டமே அடிமை முறைக்கு உடந்தை, ஆகவே வடக்கு தனியே பிரிந்துவிட வேண்டும் என்றார் காரிசன். டக்ளஸ் யோசித்தார். வடக்கு தன் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டால் தெற்கில் கிடக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு யார்? அந்தச் சட்டத்தையே விடுதலைக்கான கருவியாக எடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். வெள்ளை நண்பர்கள் அவரை நன்றி கெட்டவர் என்று ஏசினார்கள். தேசத்தைப் பிளக்கிறார் என்று தூற்றப்பட்டவர், பிரியக் கூடாது என்று சொன்னதற்காக நண்பர்களை இழந்தார்.

1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதிய தலைமை நீதிபதி டானி, டக்ளஸின் மேரிலாந்துக்காரர். சமரசத்துக்கு இருந்த இடமும் போனது. 1859இல் ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் பெர்ரி ஆயுதக் கிடங்கைத் தாக்கத் திட்டமிட்டு டக்ளஸை அழைத்தார். அது பொறி என்று எச்சரித்துவிட்டு டக்ளஸ் விலகிக்கொண்டார். ஆனாலும் கைது ஆணை துரத்த, நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது. மறு ஆண்டு லிங்கன் வென்றதும் தெற்கு மாநிலங்கள் பிரிந்தன. தென் கரோலினாவின் பிரகடனம் அடிமை முறையையே காரணமாகச் சொன்னது. பிரிந்து போனவர்கள் ஆண்டைகள்தான்.

போர் அடிமை ஒழிப்புக்கானதல்ல என்றே லிங்கன் முதலில் சொல்லிவந்தார். டக்ளஸ் விடாமல் எழுதினார், பேசினார். 1863இல் விடுதலைப் பிரகடனம் வந்ததும் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார். தன் மகன்கள் இருவரை 54ஆம் மாசசூசெட்ஸ் படையில் சேர்த்தார். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், கறுப்பினச் சிப்பாய்க்கு உடைக்குப் பிடித்தது போக 7. இதைக் கேட்கத்தான் லிங்கனை முதன்முதலாகச் சந்தித்தார். சம ஊதியம் 1864இல் வந்தது. மொத்தம் 1,80,000 கறுப்பின வீரர்கள் அந்தப் படையில் போரிட்டார்கள்.

1877இல், தன்னைச் சொத்தாக வைத்திருந்த தாமஸ் ஆல்டைப் பார்க்கப் போனார். கிழவர் சாகக் கிடந்தார். இப்படிப் போனதைக் கறுப்பின மக்களில் பலர் விரும்பவில்லை. அங்கே டக்ளஸ் கேட்டவற்றில் ஒன்று, தான் எப்போது பிறந்தோம் என்பது. 1818 பிப்ரவரி என்று ஆல்டு கணக்குச் சொன்னார். தேதி கிடைக்கவில்லை. பிப்ரவரி 14ஐத் தானே வைத்துக்கொண்டார். 1895 பிப்ரவரி 20 அன்று, வாஷிங்டனில் பெண்கள் மாநாடு ஒன்றுக்குப் போய் வந்த மாலையில், வீட்டிலேயே இறந்தார்.