தலையில் கட்டுடன் ஆடியவர்

28 ஆண்டுகள் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மழை பெய்தால் எங்கள் மைதானத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றுவிடும். அந்த நாட்களில் மாணவர்களை வகுப்பறையில் உட்காரவைத்து விளையாட்டு வீரர்களின் கதைகளைச் சொல்வேன். நான் அதிகம் சொன்னது கால்பந்து வீரர் ஜர்னைல் சிங்கின் கதை. என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவன் அந்தக் கதையை எப்படிப் புரிந்துகொண்டான் என்பது கடந்த ஆண்டுதான் எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு, அதை நான் இத்தனை ஆண்டுகளும் பாதி மட்டுமே சொல்லியிருக்கிறேன் என்பதும் புரிந்தது.

ஜர்னைல் சிங் 1936-ல் பிரிக்கப்படாத பஞ்சாபின் லாயல்பூர் பகுதியில் பிறந்தவர். இன்று அது பாகிஸ்தானில் ஃபைசலாபாத் என்ற பெயரில் இருக்கிறது. 11 வயதில் பிரிவினையின் கொடுமைகளைக் கண்டார். வீட்டையும் நிலத்தையும் விட்டு எல்லையைக் கடந்த அவருடைய குடும்பம் ஹோஷியார்பூர் பகுதிக்கு வந்து சேர்ந்தது. அங்குள்ள மாஹில்பூர், பஞ்சாபில் கால்பந்துக்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வூரின் கால்சா கல்லூரியில் அவர் ஆட்டக்காரராக உருவானார். அங்கிருந்து கொல்கத்தா சென்று, முதலில் ராஜஸ்தான் கிளப்புக்கும் 1959 முதல் மோகன் பகானுக்கும் ஆடினார். மோகன் பகானில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நீடித்தார். 1963, 1964, 1965 என அடுத்தடுத்து மூன்று முறை அந்த அணி டுராண்ட் கோப்பையை வென்றபோது, தடுப்பு வரிசையின் நடுவில் நின்றவர் அவர்தான்.

அவருடைய இடம் ‘ஸ்டாப்பர்’. எதிரணியின் முன்கள ஆட்டக்காரர் பந்துடன் பாய்ந்து வரும்போது, குறுக்கே நின்று உடலைக் கொடுத்துத் தடுக்க வேண்டிய இடம் அது. அமெரிக்கர்கள் ஆடும் ஃபுட்பால் ஆட்டத்தில் லைன்பேக்கர் என்றொரு பொறுப்பு உண்டு. முன்வரிசையைத் தாண்டி வருபவரை மோதிச் சாய்ப்பதே அவர் வேலை. நமது கால்பந்தில் அப்படி மோதிச் சாய்க்க விதி இடம் தருவதில்லை. என்றாலும், இந்திய ஆட்டக்காரர்களில் லைன்பேக்கரின் குணத்துக்கு மிக அருகில் வந்தவர் யார் என்று கேட்டால் ஜர்னைல் சிங்கையே சொல்வேன். அவருடைய தடுப்பைத் தாண்டிச் செல்வதற்கு எதிரணியினர் அஞ்சினார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸ் அணியுடன் 1-1 என இந்தியா சமன் செய்தபோதும் அவர் அணியில் இருந்தார்.

நான் வகுப்பில் சொன்ன கதை 1962-ல் ஜகார்த்தாவில் நடந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டியின் முதல் ஆட்டத்தில் இந்தியா தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. அடுத்து தாய்லாந்துடனான ஆட்டத்தில் ஜர்னைல் சிங்கின் தலையில் பலத்த காயம் ஏற்பட்டுத் தையல் போட வேண்டியிருந்தது. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அவரை ஒதுக்கிவிடவில்லை. தடுப்பு வரிசையிலிருந்து எடுத்து முன்களத்தில் ஆடவிட்டார். தென் வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியை இந்தியா 3-2 என்று வென்றது. மூன்று கோல்களில் ஒன்று ஜர்னைல் சிங் அடித்தது.

செப்டம்பர் 4-ம் தேதி இறுதி ஆட்டம். எதிரில் மீண்டும் தென் கொரியா. இஸ்ரேல், தைவான் அணிகளுக்கு இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்தியாவின் ஜி.டி.சோந்தி கண்டித்திருந்தார். அந்தக் கோபத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பார்வையாளர்கள் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டனர். சுனி கோஸ்வாமி தலைமையிலான அணியில், குன்னூர் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் வளர்ந்த பீட்டர் தங்கராஜ் கோல்கீப்பராக நின்றார். பி.கே.பானர்ஜி முதல் கோலை அடித்தார். சில நிமிடங்களில் ஜர்னைல் சிங் இரண்டாவதை அடித்தார். இந்தியா 2-1 என்று வென்றது. ரஹீமின் உடலை அப்போதே புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அவர் மறைந்தார். ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்தில் இந்தியா அதற்குப் பிறகு தங்கம் வென்றதில்லை.

கதையை நான் அந்த இடத்தில் முடிப்பேன். தலையில் தையலுடன் ஒருவர் நாட்டுக்காக ஆடினார். உங்களில் சிலர் காலில் முள் குத்தினாலே ஓரமாக உட்கார்ந்துவிடுகிறீர்கள் என்று சொல்லி முடிப்பேன். மாணவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அடுத்த நாள் மைதானத்தில் வேகம் கூடியிருக்கும். அதை என் கற்பித்தலின் வெற்றி என்று எண்ணிக்கொண்டேன். ஒருமுறை வட்டார அளவிலான ஆட்டத்தில் ஒரு மாணவன் மற்றொருவனோடு தலை மோதி விழுந்து வாந்தி எடுத்தான். முகத்தைக் கழுவவைத்து, கைக்குட்டையைக் கட்டி, மீண்டும் உள்ளே அனுப்பினேன். அவனுக்கு எதுவும் ஆகவில்லை என்பது என் நல்வினை. இன்று நினைத்தால் உடல் நடுங்குகிறது.

கடந்த ஆண்டு ஒரு மாலை, பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் என் பழைய மாணவன் ஒருவன் வந்து வணங்கினான். வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. வலது கையின் ஆள்காட்டி விரலில் மேல்கணு இல்லை. பிரஸ் இயந்திரத்தில் விரல் நசுங்கிய அன்று, துணியைச் சுற்றிக்கொண்டு ஷிப்டு முடியும் வரை வேலை பார்த்ததாகச் சொன்னான். விடுப்பு எடுத்தால் வருகைக்கான ஊக்கத்தொகை போய்விடும். விபத்து என்று எழுதவைத்தால் அடுத்த மாதம் ஒப்பந்தக்காரர் அழைப்பாரோ என்ற பயம். காயம் சீழ் பிடித்த பிறகே மருத்துவமனைக்குப் போயிருக்கிறான். விரல் நசுங்கிய நாளில் விபத்துப் பதிவேட்டில் எதுவும் எழுதப்படாததால், வேலையில் பட்ட காயம்தான் அது என்பதை நிரூபிக்கவே பல மாதங்கள் அலைந்திருக்கிறான். அவன் என்மேல் குறை சொல்லவில்லை. அன்று ஜர்னைல் சிங்கை நினைத்துக்கொண்டு நின்றதாகப் பெருமையோடுதான் சொன்னான். எனக்குத் தேநீர் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த இறுதி ஆட்டத்தை மறுபடியும் நினைத்துப் பார்த்தேன். வகுப்பில் நான் சொல்லாமல் விட்டவை ஒவ்வொன்றாகத் தெரிந்தன. முதலாவது, விதி. அக்காலப் பெரிய போட்டிகளில் ஆட்டத்தின் நடுவே மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் இல்லை. ஒருவர் காயம்பட்டு வெளியேறினால் மீதமுள்ள பத்துப் பேர்தான் ஆடியாக வேண்டும். அதனால் காயம்பட்டவர்கள் நொண்டியபடியாவது களத்தில் நின்றார்கள். உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரர்கள் முதன்முதலாக இறங்கியது 1970-ல்தான். தலையில் அடிபட்டவருக்குப் பதிலாகக் கூடுதலாக ஒருவரை இறக்கும் ஏற்பாடு 2024-ல் கால்பந்து விதிகளிலேயே இடம் பெற்றது. அன்றைய விதி ஆட்டக்காரர்களின் உடலைக் கருதவில்லை. அந்தக் குறையைத் தன் உடலால் ஈடுசெய்தவர்களில் ஒருவர் ஜர்னைல் சிங்.

இரண்டாவது, அவரைச் சுற்றி இருந்தவர்கள். அவருக்குக் காயம் பட்டதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். மருத்துவர் தையல் போட்டார். பயிற்சியாளர் அவரை ஓயாத மோதல்கள் நிறைந்த தடுப்பிடத்திலிருந்து விலக்கினார். காயத்தைச் சொன்னால் அடுத்த ஆட்டத்தில் இடம் போய்விடும் என்ற பயத்தில் அவர் அதை மறைக்கவில்லை.

மூன்றாவது, பின்னர் கிடைத்த வாழ்வு. 1964-ல் அர்ஜுனா விருது பெற்றார். அதே ஆண்டு ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பிடித்த அணியில் ஆடினார். இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். ஆசிய நட்சத்திர அணிக்கும் தலைவரானார். ஆட்டத்திலிருந்து விலகிய பின் பஞ்சாபின் விளையாட்டுத் துறையில் பணியாற்றி அதன் இயக்குநராக உயர்ந்தார். 2000-ம் ஆண்டு அக்டோபரில் கனடாவின் வான்கூவரில் மறைந்தார். உடலை முதலாக வைத்துத் தொடங்கிய வாழ்க்கைக்கு, உடல் தளர்ந்த பிறகும் ஓர் இடம் இருந்தது. விரலின் கணுவை இழந்த என் மாணவனுக்கு அப்படிப்பட்ட உறுதி எதுவும் இல்லை.

தலையில் படும் அடியின் விலையை உலகம் தாமதமாகவே அறிந்தது. இங்கிலாந்தின் முன்கள ஆட்டக்காரர் ஜெஃப் ஆஸ்டில் 2002-ல் 59 வயதில் இறந்தார். பந்தைத் தொடர்ந்து தலையால் முட்டியதால் மூளை சிதைந்து இறந்த அவருடைய மரணத்தை, விசாரித்த அதிகாரி தொழில்சார் நோய் என்றே பதிவு செய்தார். அமெரிக்காவின் புகழ்பெற்ற லைன்பேக்கர் ஜூனியர் சியாவ் 20 பருவங்கள் ஆடியவர். 2012-ல் 43 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய மூளையை ஆராய்ந்தவர்கள், திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிதைவு நோயைக் கண்டறிந்தனர். ஓய்வு பெற்ற ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்கள் வழக்குத் தொடுத்த பிறகே அங்குள்ள லீக் இழப்பீட்டுக்கு இணங்கியது. மைதானமும் ஒரு பணியிடம்தான் என்பதை ஒப்புக்கொள்ளவே விளையாட்டு உலகத்துக்கு இத்தனை காலம் ஆனது.

ஆலை ஒரு பணியிடம் என்பதில் நமக்கு அப்படிப்பட்ட ஐயம் இல்லை. வேலையில் படும் காயத்துக்கு இழப்பீடு தரும் சட்டம் இந்தியாவில் 1923-லேயே வந்துவிட்டது. 1948-ல் வந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், காயத்தால் வேலைக்குப் போக இயலாத நாட்களுக்கு ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்க வழிசெய்தது. ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால், இதெல்லாம் விபத்து பதிவேட்டில் ஏறினால்தான். மறைத்த காயத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

உற்பத்தி வரிசையில் ஒருவர் சற்று விலக நேர்ந்தால் அந்த இடத்தில் நிற்பவரை ‘ரிலீவர்’ என்பார்கள். கால்பந்தின் மாற்று ஆட்டக்காரரைப் போன்றவர். போதுமான ரிலீவர்கள் இருந்து, அவர்களை அழைப்பதால் ஒப்பந்தம் பறிபோகாது என்ற உறுதியும் இருந்தால், நசுங்கிய விரலில் துணி சுற்றிக்கொண்டு ஓர் இளைஞன் நிற்க வேண்டியதில்லை. விபத்தே பதிவாகாத மாதத்துக்குப் பரிசு தரும் ஆலைகள், அந்தப் பரிசே காயத்தை மறைக்கத் தூண்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஊக்கத்தொகையை வருகையோடு கட்டிப்போடும்போது, பணியிடக் காயத்துக்கான விடுப்பை அதிலிருந்து விலக்குவது பெரிய செலவு அல்ல. இவற்றைக் கண்காணிக்க வேண்டிய தொழிலகப் பாதுகாப்புத் துறை, நிரந்தரத் தொழிலாளியிடம் மட்டுமன்றி ஒப்பந்தத் தொழிலாளியிடமும் தனியே பேச வேண்டும்.

ஜர்னைல் சிங்கின் மீது எனக்குள்ள மதிப்பு சிறிதும் குறையவில்லை. அந்தத் துணிவைக் காட்டி மற்றவர்களிடம் வேலை வாங்க எனக்கு உரிமை இல்லை என்பதே நான் கற்றுக்கொண்ட பாடம். பக்கத்துப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் மழைக்காலத்தில் என்னை அவ்வப்போது பேச அழைப்பதுண்டு. இந்த ஆண்டும் ஜகார்த்தா கதையைத்தான் சொல்லப் போகிறேன். மாற்று ஆட்டக்காரர் விதியையும், விபத்துப் பதிவேட்டில் பெயரை எழுதவைக்கும் முறையையும் சேர்த்தே சொல்லப் போகிறேன்.