மூலிகை வளர்த்த ஆபிரகாம் பண்டிதர்

ஆபிரகாம் பண்டிதர் என்றதும் பெரியவர்களுக்கு இசை ஆராய்ச்சிதான் ஞாபகம் வரும். ஆனால் அவருக்குச் சோறு போட்டது பச்சிலை.

1859ல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் பயிற்சி பெற்று வாத்தியார் ஆனார். (எங்க ஆள்தான்!) சுருளிமலையில் கருணானந்தர் என்ற முனிவரிடம் மூலிகை வைத்தியம் கற்றார். பிறகு தஞ்சாவூரில் கணவனும் மனைவியுமாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் நிச்சயம், வைத்தியத்தில் அப்படியா? இருந்தும் 1890ல் வாத்தியார் வேலையை விட்டார்.

கி.பி. முதல் நூற்றாண்டிலேயே தியோஸ்கோரிதீஸ் என்ற கிரேக்க வைத்தியர், மருந்துச் செடியைத் துளிர்க்கும்போதும் முற்றும்போதும் வாடும்போதும் நேரில் பார்த்துப் பழக வேண்டும் என்று எழுதி வைத்தார். லயத்தில் வளர்ந்த நம் பாட்டிமார்களுக்கு இது சொல்லாமலே தெரியும். பண்டிதரோ தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கி, மூலிகைகளைத் தாமே பயிரிட்டார். அதற்குக் குருவின் பெயரால் கருணானந்தபுரம் என்று பெயர் வைத்தார். பிளேக் பரவிய காலத்தில் அவருடைய சஞ்சீவி மாத்திரையைத் தேடி ஜனங்கள் வந்தார்கள். 1909ல் ராவ் சாகிப் பட்டம் கிடைத்தது.

வைத்தியத்தில் வந்த காசை அவர் பூட்டி வைக்கவில்லை. 1912 முதல் வித்துவான்களை வரவழைத்து இசை மாநாடுகள் நடத்தினார். 1917ல் ஆயிரம் பக்கத்துக்கு மேலான கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. 1919ல் காலமானார்.