ஜூலியா பிளாற் (1857 – 1935)

அமெரிக்கரான ஜூலியா பிளாற் 1893 இல் வாலுள்ள ஈரூடகவாழியொன்றின் முளையத்தை ஆராய்ந்து, தலையின் கசியிழையம் வெளிப்படைக் கலங்களிலிருந்து தோன்றுவதாக அறிவித்தார். நடுப்படையிலிருந்தே அது தோன்றும் என நம்பிய அறிஞர் பலர் இதை ஏற்கவில்லை. 1898 இல் ஜேர்மனியின் பிறைபேர்க்கில் கலாநிதிப் பட்டம் பெற்றும் அவருக்குப் பல்கலைக்கழகப் பதவி கிடைக்கவில்லை. 1931 இல் பசிபிக் குரோவ் நகர மேயரானார். அவர் முடிவே சரியெனப் பின்வந்த ஆய்வுகள் நிறுவின.

அக்கலங்களை இன்று நரம்பு முகட்டுக் கலங்கள் என்கிறோம். அவை எல்லாவற்றிலும் ஒரே பரம்பரையலகுகளே உண்டு. சொக்ஸ்9 தொழிற்பட்டால் கசியிழையமும், எம்.ஐ.ரி.எவ். தொழிற்பட்டால் நிறக்கலமும் உருவாகும். லயத்தில் எல்லாக் காம்பராவிலும் மின்குமிழ் இருந்தாலும், ஆளி போட்ட காம்பராவில்தானே வெளிச்சம்!

நினைவிற்கொள்க: பரம்பரையலகு இருந்தால் மட்டும் போதாது, அது தொழிற்படவும் வேண்டும்.