அபினை ஆராய்ந்த பேரறிஞர் சேர் ராம் நாத் சோப்ரா

வள்ளுவப் பெருந்தகையார் தம் நூலிலே கள்ளுண்ணாமையை 93 ஆம் அதிகாரமாக வைத்தார்; அடுத்துச் சூதினை வைத்தார்; அதனையடுத்து மருந்தினை வைத்தார். மயக்கும் பொருளும் நோய் தீர்க்கும் பொருளும் அங்கே அயலயலாக நிற்கின்றன. உலகிலோ இவ்விரண்டும் ஒரே பொருளாக நிற்பதும் உண்டு. அபின் அத்தகையது. கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபினாகின்றது. சத்திரசிகிச்சைக்குட்பட்டவனின் வேதனையைத் தணிப்பதும் அந்தப் பாலே. நல்ல குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தியதும் அந்தப் பாலே.

மருந்து எங்கே முடிகின்றது, நஞ்சு எங்கே தொடங்குகின்றது என்ற வினாவை ஊகத்தாலன்றி அளந்தும் கேட்டும் ஆராய்ந்தவர் கேணல் சேர் ராம் நாத் சோப்ரா. இந்திய மருந்தியலின் தந்தை எனப் போற்றப்படும் அப்பெரியாரின் வரலாற்றை எம் சங்கத்து இளைஞரும் பெரியோரும் அறிந்திருத்தல் நன்றெனக் கருதி இங்கு சுருக்கமாகத் தருகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

சோப்ரா 1882 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17 ஆந் திகதி, இன்று பாகிஸ்தானிலுள்ள குஜ்ரன்வாலா என்னும் ஊரிலே பிறந்தார். லாகூர் அரசினர் கல்லூரியிற் பயின்றபின் கடல் கடந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டவுனிங் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே வைத்தியக் கல்வியோடு, வால்டர் டிக்சன் என்னும் பேராசிரியரிடம் மருந்தியலையும் பயின்றார். அக்காலத்தில் மருந்தியல் ஓர் இளைய சாஸ்திரம். ஒரு மருந்து எவ்வுறுப்பில், எவ்வளவில், எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை ஆய்வுகூடத்தில் அளந்து பார்ப்பதே அதன் வழி. பெரியோர் சொன்னார்கள், நாமும் கொடுக்கின்றோம் என்று நின்றுவிடாமல், ஏன், எவ்வளவு என்று கேட்கும் பழக்கம் சோப்ராவுக்கு அங்கேதான் ஊன்றியது.

1908 இல் அவர் இந்திய வைத்திய சேவையிற் சேர்ந்தார். முதலாம் உலகப் போர்க்காலத்திற் கிழக்கு ஆபிரிக்காவில் இராணுவ வைத்தியராகக் கடமையாற்றினார். 1921 இல் கல்கத்தாவின் வெப்பமண்டல வைத்தியக் கல்லூரியில் மருந்தியற் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. அப்பதவியை முதன்முதலில் வகித்தவர் அவரே.

அபினும் அரசாங்கமும்

அந்நாளிலே இந்தியாவில் அபின் மறைவாக விற்கப்பட்ட பண்டமன்று. அரசாங்க அனுமதியுடன் பயிரிடப்பட்டு, காசிப்பூரிலுள்ள அரசாங்கத் தொழிற்சாலையிற் பக்குவஞ் செய்யப்பட்டு, அனுமதி பெற்ற கடைகளில் விற்கப்பட்டது. அதனால் வந்த வருமானம் அரசாங்கத்துக்குப் பெரியது. இது முறையோ என்று இங்கிலாந்திலே எழுந்த கண்டனத்தின் பயனாக 1893 இல் அரச ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. இந்தியர் அபினை அளவோடு உண்பதாற் பெருங்கேடில்லை என்பதே 1895 இல் அது கண்ட முடிபு. சாட்சிகள் பலரை அது விசாரித்தது உண்மையே. ஆயினும், உண்பவனைக் கட்டிலிற் கிடத்திப் பல நாள் கவனித்துப் பார்த்த ஆய்வு அப்பொழுது இருக்கவில்லை.

பின்னர், நாடுகளின் சங்கம் ஓர் அளவுகோலை வகுத்தது. பதினாயிரம் மக்களுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 12 இறாத்தல் அபின் இருந்தால் வைத்தியத் தேவைக்குப் போதும் என்பதே அது. அதனைக் கொண்டு பார்த்தபோது அசாம் முதலிய சில பகுதிகளில் நுகர்ச்சி அவ்வளவைப் பன்மடங்கு மீறியிருந்தமை தெரியவந்தது. அம்மக்கள் ஏன் அபினை நாடினார்கள்? இதற்கு விடை காண முற்பட்டவர்களுள் முதன்மையானவர் சோப்ரா.

கேட்டறிந்த காரணங்கள்

1920களின் பிற்பகுதி முதலாக அவரும் அவருடைய துணைவர்களும் அபின் உண்போரை நேரிற் கண்டு விசாரித்தனர். வைத்தியசாலையிற் சேர்த்துப் பரிசோதித்தனர். எவ்வயதிற் பழகினாய், எதற்காகப் பழகினாய், எவ்வளவு உண்கின்றாய், உறக்கம் எப்படி, பசி எப்படி, விட முயன்றாயா என ஒவ்வொருவரையும் கேட்டறிந்து குறித்துக்கொண்டனர். பழிக்கவோ அறிவுரை சொல்லவோ அவர்கள் அவ்வினாக்களைக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டனர்.

கிடைத்த விடைகள் கேட்போரைச் சிந்திக்க வைப்பவை. இன்பத்துக்காகத் தொடங்கியவர்களும் சகவாசத்தாற் கெட்டவர்களும் இருக்கத்தான் செய்தார்கள். ஆயினும், தீராத மூட்டு நோவு, இருமல், வயிற்றோட்டம் என நோய்க்காகத் தொடங்கி, நோய் போனபின்னும் விடமுடியாமற் போனவர் மிகப் பலர். வைத்தியர் எட்டாத கிராமத்தில் அபின் கடைதான் வைத்தியசாலையாயிருந்தது. உடல் முறிய உழைத்துவிட்டு, மறுநாளும் உழைப்பதற்காக உண்ட கூலித் தொழிலாளர் வேறொரு பெருந்தொகையினர்.

இவற்றினும் துயரமானது குழந்தைகளின் நிலை. ஆலைகளில் வேலை செய்யும் தாய்மார், தாம் திரும்பி வரும்வரை பிள்ளை அழாமல் உறங்குவதற்காகச் சிறு அபின் குளிசையைக் கொடுத்துச் சென்றனர். பம்பாயில் அதற்குப் பால கோலி என்று பெயரே வழங்கியது. அத்தாய்மாரைக் கொடியவர் என்று சொல்ல யாருக்கு நாவெழும்? பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாது. அவர்கள் வறுமைக்கு மருந்தாகவே அபினைக் கொடுத்தார்கள்.

மலேரியாக் காய்ச்சலுக்கு அபின் கவசம் போன்றது என்ற நம்பிக்கையும் அந்நாளிற் பரவியிருந்தது. சோப்ரா அதனையும் பரிசோதனைக்கு உட்படுத்தினார். நம்பிக்கைக்கு ஆதாரம் கிட்டவில்லை. அதேவேளை, சிற்றளவில் உண்டு நெடுநாள் உழைத்து வாழ்ந்தோரும் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. தாம் வேண்டியதை மட்டும் காணாமல், கண்டதை எல்லாம் எழுதியமையே அவருடைய பெருமை எனலாம். கஞ்சாவையும் கொக்கெயினையும் பற்றியும் அவர் இவ்வாறே ஆராய்ந்து எழுதினார்.

மூலிகைகளும் மருந்துச் சட்டமும்

சோப்ராவின் பணி அபினோடு முடியவில்லை. 1930 இல் மருந்து விசாரணைக் குழுவின் தலைவராக நியமிக்கப்பட்டு, இந்தியாவெங்கும் விற்கப்பட்ட போலி மருந்துகளைப் பற்றி அறிக்கை சமர்ப்பித்தார். 1940 இல் நிறைவேறிய மருந்துச் சட்டத்துக்கு அதுவே வழிகோலியது. 1933 இல் இந்தியாவின் சுதேச மருந்துகளைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. நாட்டு மூலிகைகளைச் சோதித்துத் தேர்ந்து, ஏழைகளும் வாங்கக்கூடிய விலையில் மருந்து கிடைக்கச் செய்தல் அவருடைய நோக்கம். அதே ஆண்டில் அவரும் துணைவர்களும் சர்ப்பகந்தி என்னும் மூலிகை இரத்த அழுத்தத்தைத் தணிப்பதையும் அமைதி தருவதையும் எடுத்துக்காட்டினர். 1952 இல் சுவிற்சர்லாந்தில் அதிலிருந்து ரிசேர்பின் பிரித்தெடுக்கப்பட்டபோது உலகமே அம்மூலிகையைத் திரும்பிப் பார்த்தது.

மானிப்பாயில் வைத்தியர் கிறீன் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தமையை யாழ்ப்பாணத்தவராகிய நாம் நன்றியோடு நினைக்கின்றோம். சோப்ரா எதிர்த்திசையிலிருந்து அதே பாலத்தைக் கட்டினார். பரிகாரியாரின் பையிலிருந்ததை ஆய்வுகூடத்துக்குக் கொண்டு சென்றார். பழையது என்பதற்காக எதையும் தள்ளவுமில்லை. நம்முடையது என்பதற்காக எதையும் கொள்ளவுமில்லை.

1941 இல் அவருக்குச் சேர் பட்டம் வழங்கப்பட்டது. கல்கத்தாவிலிருந்து ஓய்வு பெற்றபின் காஷ்மீருக்குச் சென்று அங்கும் மருந்தாராய்ச்சியை வளர்த்தார். இந்தியா சுதந்திரம் பெற்ற காலத்தில் சுதேச வைத்திய முறைகளைப் பற்றிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1973 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13 ஆந் திகதி, தமது தொண்ணூறாவது வயதிலே காலமானார்.

பூட்டும் திறவுகோலும்

அந்த 1973 ஆம் ஆண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. சோப்ரா மறைவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கன்டஸ் பேர்ட், சொலமன் சினைடர் என்னும் இருவர், அபின்சார் மருந்துகள் சென்று பொருந்தும் இடங்கள் மூளையில் உள்ளன என்பதை வெளியிட்டனர். இவ்விடங்களை வாங்கிகள் என்பர். வாங்கி பூட்டுப் போன்றது. மருந்து அதற்குரிய திறவுகோல் போன்றது.

கசகசாவின் பாலுக்கு மனித மூளையில் ஏன் பூட்டு இருக்கவேண்டும்? 1975 இல் ஸ்கொட்லாந்தின் அபடீனில் ஹியூஸ், கொஸ்டர்லிற்ஸ் என்போர் விடை கண்டனர். உடலே தன் வேதனையைத் தணிக்க என்கெபலின் என்னும் பொருளைச் சுரக்கின்றது. வாங்கிகள் அதற்காகவே அமைந்தவை. அபினிலுள்ள மோர்பின் அத்திறவுகோலைப் போன்ற வடிவம் உடையதாதலால் உள்ளே நுழைகின்றது. மோர்பினிலிருந்து செய்யப்படும் ஹெரோயினோ மூளைக்குள் விரைந்து புகுந்து மீண்டும் மோர்பினாகின்றது.

வாங்கிகள் முண்ணாணில் இருக்கின்றன. அங்கே மருந்து வேதனைச் செய்தியைத் தடுக்கின்றது. மூளையின் இன்பப் பாதையில் டோபமின் என்னும் பொருளைப் பெருகச் செய்து, இன்னும் வேண்டும் என்னும் வேட்கையை ஊன்றுகின்றது. மூளைத்தண்டிலே சுவாசத்தை மந்தமாக்குகின்றது. அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுவிடுகின்றது. நாள்தோறும் மருந்து வரும்போது நரம்புக் கலங்கள் அதனை எதிர்த்துத் தள்ளப் பழகுகின்றன. ஆதலால் முன்னைய அளவு போதாது. திடீரென நிறுத்தினால் மருந்து போய்விடும். எதிர்த்துத் தள்ளும் வேகமோ எஞ்சி நிற்கும். நோவு, வயிற்றோட்டம், மயிர்க்கூச்சு, உறக்கமின்மை என்பன அதன் விளைவுகள். சிலகாலம் விட்டிருந்தவன் பழைய அளவையே மீண்டும் எடுத்தால், உடல் அதனைத் தாங்காது இறந்துபோவதும் உண்டு. ஐஸ் எனப்படும் போதைப்பொருள் வேறு வழியிற் செல்வது. அது டோபமினை வெள்ளமாகப் பாயச் செய்து அதே வேட்கையை விளைக்கின்றது.

நமக்குரிய பாடம்

சோப்ரா கேட்டறிந்ததையும் பின்வந்தோர் கண்டறிந்ததையும் இணைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகின்றது. அடிமைப்பட்டவனின் மூளை மாறிவிட்டது. அவன் ஒரு நோயாளி. மனவுறுதி வேண்டும் என்பது மெய்யே. மனவுறுதி மாத்திரம் போதும் என்பது மெய்யன்று. மெதடோன், பியூப்ரநோர்பின் முதலிய மருந்துகளாலும் பொறுமையான கவனிப்பாலும் மீண்டவர் உலகிற் பலர். மானம் போய்விடும் என்று அவனை வீட்டுக்குள் மறைக்கும் பெற்றோர், மீளும் வழியை அறியாமலே அடைத்துவிடுகின்றனர்.

இதன் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. புற்றுநோயின் கடைசி நாட்களில் வைத்தியர் மோர்பின் கொடுக்க முன்வரும்போது, பழகிவிடும் என்றஞ்சி மறுக்கும் உறவினர் உண்டு. அளந்து, நோவுக்காக, வைத்தியரின் கண்காணிப்பிற் கொடுக்கப்படும் மோர்பின் வேறு. சந்தியில் தாளிற் சுற்றி விற்கப்படும் தூள் வேறு. எமது நாட்டின் 1929 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் என மூன்றையும் தன் பெயரிலேயே வரிசைப்படுத்தியிருக்கின்றது. அது கள்ளச் சந்தையைத் தண்டிக்கின்றது. வைத்தியத் தேவைக்கு வழியும் விட்டிருக்கின்றது.

எம் சங்க இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். யாராவது ஒரு தோழன் இவ்வலையில் வீழ்ந்தான் என்று கேள்விப்பட்டால், அவனைத் தூற்றுமுன் சோப்ரா கேட்ட வினாவைக் கேட்போம்: எந்த வேதனைக்காகத் தொடங்கினான்? உழைப்பின் நோவோ, போர் விட்டுச்சென்ற துயரோ, வேலையில்லாத வெறுமையோ, வெறும் சகவாசமோ? விடை தெரிந்தால் உதவும் வழியும் தெரியும். அவனை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதும் ஒரு சிவத்தொண்டே.

எம்பெருமான் ஆலகால விடத்தைக் கண்டத்தில் நிறுத்தினார். உலகம் பிழைத்தது. நஞ்சை அதற்குரிய இடத்தில், அதற்குரிய அளவில் நிறுத்தத் தெரிதலே அறிவு. அவ்வறிவை வாழ்நாள் முழுதும் தேடிய சேர் ராம் நாத் சோப்ராவின் நினைவு நீடூழி வாழ்க.