கல்லின் பிறப்பை ஆராய்ந்த மருத்துவர்

கோரோசனை நம் திருவண்ணாமலை மக்களுக்குப் புதிய பெயரன்று. பசுவின் பித்தப்பையில் விளையும் கல் அது. இதற்கு இனமானதொரு கல் ஆடு முதலிய அசைபோடும் விலங்குகளின் இரைப்பையிலும் திரள்வதுண்டு. நஞ்சினின்று காப்பது எனப் பொருள்படப் பாரசீகர் அதனைப் பாத்ஸஹர் என்றனர். அரபு மருத்துவர் வழியாக அதன் புகழ் ஐரோப்பாவை எட்டியது. நஞ்சுக்கு அஞ்சிய மன்னர்கள் அதனைப் பொன்னிற் பதித்துப் போற்றினர். அக்கல்லின் பிறப்பை இந்திய மண்ணிலிருந்து எழுதிய கார்சியா த ஓர்ட்டாவின் வாழ்வை ஈண்டுக் காண்போம்.

கட்டாயத்தால் கிறித்தவரான யூதக் குடும்பத்தில், 1501ஆம் ஆண்டளவில் போர்ச்சுகலில் பிறந்தவர் ஓர்ட்டா. ஸ்பெயினில் மருத்துவம் பயின்று, லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, 1534இல் கோவாவுக்குக் கப்பலேறினார். அகமது நகர் சுல்தான் புர்ஹான் நிஜாம் ஷாவுக்கு மருத்துவரும் நண்பருமானார். நோய், மருந்துகளின் அரபுப் பெயர்களைச் சுல்தான் இவருக்குக் கற்பித்தார்; இவர் இலத்தீன் பெயர்களைச் சுல்தானுக்குக் கற்பித்தார். அரசவை ஹக்கீம்களிடமும் நாட்டு வைத்தியர்களிடமும் கேட்டறிந்தவற்றை உரையாடல் வடிவில் நூலாக்கி, 1563இல் கோவாவில் அச்சிட்டார்.

மெல்லிய துரும்பொன்றைச் சுற்றி, வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக இக்கல் வளர்கிறது என்பது இவர்தம் விளக்கம். கன்னியாகுமரியை அடுத்த கடலில் போர்த்துகீசியர் பசுத்தீவு என்றழைத்த தீவின் ஆடுகளிலும் இக்கல் கிடைத்ததை எழுதியுள்ளார். செரியாத நாரோ மயிரோ கருவாக, அதன்மேல் உப்புகள் படிந்து கல்லாகும் என்னும் இன்றைய அறிவியலுக்கு இவ்விளக்கம் மிக அணுக்கமானது. எனினும் அதன் நஞ்சு நீக்கும் ஆற்றலை இவரும் நம்பினார். அதே நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே, மரண தண்டனை பெற்ற சமையற்காரர் ஒருவர்க்கு நஞ்சோடு இக்கல்லையும் ஊட்டிய சோதனையைப் பதிவு செய்தார். அவர் சில மணி நேரத்தில் துடித்து மாண்டார். மன்னர் போற்றிய கல் அவரைக் காக்கவில்லை.

ஓர்ட்டா 1568இல் மறைந்தார். மறுஆண்டே, யூத நெறியை மறைவில் பேணினார் என்று அவர்தம் தங்கை கத்தரீனாவைக் கோவாவின் சமய விசாரணை மன்றம் எரித்தது. 1580இல் ஓர்ட்டாவின் எலும்புகளும் தோண்டி எடுக்கப்பட்டு எரிக்கப்பட்டன. ஆயினும் 1567இலேயே இலத்தீனில் சுருக்கி வெளியிடப்பட்ட அவர் நூல் ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் பரவியிருந்தது.

சமயம் பாராது அறிந்தோரை நாடிக் கற்ற ஒருவரைச் சமயத்தின் பெயராலேயே எரித்தனர். கேட்டுத் தெளியும் மாணவர் அவ்வறிஞரின் நேர்மையைக் கைக்கொள்வாராக. அவர் நம்பிய கல்லையும் சோதித்தே ஏற்பாராக.