பல்வங்கர் பாலு: அணியில் இடம், பந்தியில் தனி மேசை

1876ஆம் ஆண்டு தார்வாடில் சமார் சாதியில் பிறந்தவர் பல்வங்கர் பாலு. புனேயின் ஆங்கிலேயர் கிரிக்கெட் மன்றத்தில் ஆடுகளம் பராமரிக்க மாதம் நான்கு ரூபாய் கூலி. உறுப்பினர்களின் பயிற்சிக்கு மணிக்கணக்கில் பந்து வீசினார். மட்டை பிடிக்கும் வாய்ப்பு மட்டும் அவருக்கு வழங்கப்படவில்லை.

ஆங்கிலேயரை வெல்லும் தேவை எழுந்தபோது புனே இந்துக்கள் அவரை அணியில் சேர்த்தனர். களத்தில் அவர் தொட்ட பந்தையே அனைவரும் தொட்டனர். இடைவேளையிலோ அரங்குக்கு வெளியே மண்குவளையில் தேநீர். உணவுக்குத் தனி மேசை. நம் புதுக்கோட்டை மாவட்ட இறையூரில் 2022இலும் இரட்டைக் குவளை இருந்தது. குன்றாண்டார்கோவிலிலிருந்து எழுதும் நமக்கு அந்த மண்குவளை பழங்கதையன்று.

1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். ஆயினும் தலைமை கிட்டவில்லை. 1920இல் அணியிலிருந்தே நீக்கப்பட்டார். தம்பியர் விட்டலும் சிவராமும் எதிர்த்து விலகிய பின்னரே துணைத்தலைமை தரப்பட்டது. சாதனை பெற்றுத் தராததைப் போராட்டம் பெற்றுத் தந்தது. 1923இல் விட்டல் தலைவரானார்.

1937 தேர்தலில் காங்கிரஸ் பாலுவை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது; தோற்றார். அதன்பொருட்டு அவரை மறந்துவிடுதல் நமக்கு உடன்பாடன்று. இளமையில் அம்பேத்கரும் அவரைப் போற்றியவரே.

உணவகங்களில் பொதுப் பாத்திரத்தை மறுப்பதைக் குற்றமாக்கிய தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஜூலை 4 அன்று பாலு காலமானார்.